நாலாம் செட்டின் ஆறாம் கோடு

பேச்சுக்குப் படம் போடுவதுதான் தன் வேலை என்று மாரிசெல்வி சொன்னால் நாரணாபுரத்தில் அவள் தெருக்காரர்கள் சிரித்தார்கள். கல்யாணத்தைப் படம் எடுக்கலாம், காதுகுத்தைப் படம் எடுக்கலாம், வாயிலிருந்து வரும் பேச்சை எந்தக் கேமராவில் பிடிப்பது? மாரிசெல்வி இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் இரண்டு வருடம் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் போட்டவள். புலி வாயில் எவ்வளவு சிவப்பு இருக்க வேண்டும், ரோஜாப்பூவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் நிறத்துக்கு ஒன்றாக அச்சுப் பிளேட் போடுவார்கள். நிறத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்போடுதான் 2007 தை மாதம் பிரீத்திகாவின் ஆய்வில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பிரீத்திகா விருதுநகரில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். சென்னையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பட்டாசு ஆலைப் பெண்கள் வேலை நேரத்தில் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. ஊரில் வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் எந்த முதலாளியும் கேட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார். அவளுடைய சித்தப்பா ராஜபாண்டியனுக்கு நாரணாபுரத்துக்கு மேற்கே சொந்தக் கம்பெனி இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிற மருந்து ரூமுக்குள் பாட்டரி போட்ட சாமான் எதையும் கொண்டுபோகக் கூடாது. ஆகவே காகிதக் குழாய் உருட்டும் நான்கு கொட்டகைகளில், செட்டு என்று அவர்கள் சொல்லும் இடங்களில், ரெக்கார்டரை வைத்தார்கள். பெண்கள் சம்மதித்த பிறகுதான் வைத்தார்கள். பேர் வெளியே போகாது, குரல் தன் ஆய்வு ஆபீசைத் தாண்டாது என்று பிரீத்திகா ஒவ்வொரு செட்டிலும் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தாள். முதல் இரண்டு நாள் எல்லாரும் மூச்சுவிடக்கூட யோசித்தார்கள். மூன்றாம் நாள் ரெக்கார்டரை மறந்துபோனார்கள்.

நாலாம் செட்டில் ஒரு சங்கடம் இருந்தது. அங்கே குழாய் உருட்டுகிறவர்களில் மாரிசெல்வியின் அம்மா சண்முகத்தாயும் ஒருத்தி. நாற்பத்தெட்டு வயது. அந்தச் செட்டில் மற்றவர்கள் எல்லாம் கைப்பிள்ளைக்காரிகளும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்புகிறவர்களுமாக இளவட்டங்கள். சேர்ந்த அன்றைக்கே மாரிசெல்வி இதை மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப நாலாம் செட்ட மட்டும் நீ தொறக்காத. கேக்கவும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். செல்வலட்சுமி பாத்துக்கிடட்டும்" என்றாள் பிரீத்திகா.

"சரிக்கா" என்றாள் மாரிசெல்வி. சொன்னபடியே இருந்தாள். அம்மாவும் மகளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செல்வலட்சுமி காரியாபட்டிக்காரி. காதில் ஹெட்போனை மாட்டி, கேட்டதையெல்லாம் வரி விடாமல் தட்டச்சு செய்வது அவள் வேலை. தட்டச்சு செய்த ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு நிறம் கொடுப்பதும் அவள்தான். சமையல், வீடு, பிள்ளை வளர்ப்பு என்றால் மஞ்சள். கூலி என்றால் பச்சை. சினிமா, கோயில், ஊர்வம்பு எல்லாம் ரோஸ். பயம், ஆபத்து, மருந்து ரூம் என்றால் நீலம்.

அதற்குப் பிறகுதான் மாரிசெல்வியின் ராஜ்யம். பெங்களூரில் இருக்கும் பிரீத்திகாவின் சிநேகிதர் ஒருவர் இந்த ஆய்வுக்காக ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கியிருந்தார். பாதி எழுதியதும் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஆள் காணாமல் போனார். மீதியை மாரிசெல்வி எழுதி முடித்தாள். திரையில் ஒரு பெண்ணுக்கு ஒரு கோடு. இடது ஓரத்தில் காலை எட்டு மணி, வலது ஓரத்தில் சாயங்காலம் ஐந்து மணி. யார் எப்போது பேசினாரோ அந்த இடத்தில் அவர் கோட்டில் அந்தப் பேச்சின் நிறம் விழும். சுட்டியின் சக்கரத்தைச் சுழற்றினால் ஒரு வாரம் முழுவதும் தெரியும், எதிர்ப்பக்கம் சுழற்றினால் ஒரே நிமிடம் திரை அகலத்துக்கு விரியும். எந்த இடத்தில் சொடுக்கினாலும் கீழே அந்தப் பேச்சு எழுத்தில் வரும், ஸ்பீக்கரில் குரலும் கேட்கும். ஆறு வாரப் பேச்சை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். இதைச் செய்து முடித்த அன்று மாரிசெல்வி தனக்குத் தானே ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் குடித்தாள்.

பங்குனி கடைசியில் ராஜபாண்டியன் ஆபீசுக்கு வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தபடி ஒரு விஷயத்தைச் சொன்னார். கம்பெனியில் இன்னும் இரண்டு மருந்து ரூம் கட்டுவதற்கான பிளானுக்கு அனுமதி வந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் சீசன் நேரத்தில் "கொஞ்சம் கூட" இருக்கிறார்கள். கட்டலாமா, அடுத்த வருஷம் பார்க்கலாமா என்று அவருக்கு யோசனை.

"நீதான் பொம்பளையாளுக பேச்ச எல்லாம் கேட்டிருக்கியே, பாப்பா. அவுக பயப்படுறாகன்னு உன் ஆராய்ச்சி சொன்னா இந்த வருசமே கட்டிப்புடுறேன். இல்லன்னா அடுத்த தீபாவளி கழியட்டும். அம்மன் கோயில் சித்திரைப் பொங்கலுக்கு முன்னாடி போர்மேனையும் கூட்டிட்டு வாரேன், என்னன்னு காமி" என்று பிரீத்திகாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். மாரிசெல்விக்கு அது விளையாட்டாக இல்லை. குழாய் செட்டுப் பெண்கள் வாரத்தில் மூன்று நாள் குழாய் உருட்டுவார்கள், மூன்று நாள் மருந்து ரூமில் உட்காருவார்கள். அம்மாவும்தான். முதலாளி சொன்ன "கொஞ்சம் கூட" என்பது எட்டு என்று அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாரிசெல்வி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சண்முகத்தாய் அவளைக் கம்பெனி கேட்டுக்குள் கால் வைக்க விட்டதில்லை. ஆய்வுக்காக மகள் வந்தபோதும் வாசலோடு நிறுத்திக் குழாய் செட்டை மட்டும் காட்டினாள்.

இப்படி இருக்கும்போது, கணக்கெடுத்துப் பார்த்தால் நூறு நிமிடப் பேச்சில் நீலம் வெறும் ஒன்பதுதான் வந்தது. மஞ்சள் நாற்பத்து மூன்று.

பிரீத்திகா அறிக்கையின் முதல் பிரதியை எழுதிவிட்டாள். பெண்கள் வேலையிடத்தில் பெரும்பாலும் குடும்ப விஷயமே பேசுகிறார்கள், ஆபத்து பற்றிய கவலை குறைவு என்று அதில் இருந்தது. மாரிசெல்வி வாசித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இது தப்புக்கா."

"படம் நீ போட்டதுதான? உன் படம் சொல்றதத்தான் எழுதியிருக்கேன்."

"என் படம் தப்புச் சொல்லாது. நாம பாத்த விதந்தான் தப்பா இருக்கும். எனக்கு ரெண்டு நாள் குடுங்க" என்றாள் மாரிசெல்வி. அவள் குரலில் கெஞ்சல் இல்லை.

அன்றைக்கே இரண்டாம் செட்டின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் கண்ணில் பட்டது மஞ்சளின் வெட்டு. ஊர்வம்பு என்றால் ஒருத்தி ஆரம்பிப்பாள், இன்னொருத்தி சேருவாள், மெதுவாகச் சூடு பிடிக்கும், மெதுவாக அடங்கும். படத்தில் ரோஸ் நிறம் அப்படித்தான் கரை கரையாக ஏறி இறங்கியது. மஞ்சள் அப்படி இல்லை. கத்தரியால் நறுக்கி ஒட்டியதுபோல எல்லாக் கோட்டிலும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிந்தது. பிரஸ்ஸில் பிளேட் நகர்ந்தால் நிறம் இப்படித்தான் நேராக வெட்டி நிற்கும். இது தானாக வந்த நிறம் இல்லை என்று அவளுக்கு அப்போதே பட்டுவிட்டது.

மஞ்சள் தொடங்கும் இடங்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தினாள். ஒரே நாளில் இருபத்தோரு இடம். இருபத்தோரு இடத்திலும் முதலில் பேசியது ஒரே கோடு, மூன்றாம் கோடு. சொடுக்கிக் கேட்டாள். இருபத்தோரு தடவையும் ஒரே கேள்வி.

"ஏத்தா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

ஒரு நாளைக்கு இருபத்தோரு தடவை யார் வீட்டில் குழம்பு மாறுகிறது? மஞ்சளுக்கு முன்னால் ஒருத்தி பேசிய கடைசி வரியைச் சொடுக்கினாள். "அந்த ரூமுல மூச்சு விடுறதுக்கு." அவ்வளவுதான், அதோடு நின்றது. இரண்டு நிமிடம் புளிக்குழம்பும் கருவாடும். மஞ்சள் முடிந்ததும் அதே கோட்டில் அதே குரல். "எடமில்லங்கறேன்." பாதியில் விட்ட பேச்சை விட்ட இடத்திலேயே எடுத்துத் தொடர்கிறாள், ஒரு வார்த்தை பிசகாமல்.

மாரிசெல்வி இருபத்தோரு இடத்தையும் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். இத்தனை நாளாக இது தன் திரையில்தானே இருந்தது என்று தன் மேலேயே கோபம் வந்தது. நீலம் ஏன் ஒன்பதுக்கு இறங்கியது என்பதும் புரிந்தது. அரை நிமிடத்துக்குக் குறைவான துண்டைச் சிதறல் என்று கணக்கில் சேர்க்காதபடி மென்பொருளை அமைத்ததே அவள்தான். மஞ்சள் குறுக்கே விழுந்து நீலத்தைத் துண்டு துண்டாக நறுக்கியிருந்தது. துண்டெல்லாம் சிதறலாகிக் கணக்கிலிருந்து உதிர்ந்துபோயிருந்தது.

மூன்றாம் கோடு யார் என்று குரலிலேயே தெரிந்தது. அவள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கும் அய்யம்மாள். செட்டில் வாசலைப் பார்த்து உட்காருகிறவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாரிசெல்வி அவள் வீட்டுக்குப் போனாள். குரலை அணைத்துவிட்டு, படத்தை மட்டும் காட்டி, கண்டுபிடித்ததைச் சொன்னாள்.

அய்யம்மாள் மஞ்சள் பட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"போர்மேன் முனியராஜ் தல தெரிஞ்சா கொழம்பக் கேப்பேன். எங்கம்மா காலத்துல இருந்து இதுதான். ஒண்ணாம் செட்டுல தண்ணி வந்துச்சான்னு கேப்பாக. இதக் கண்டுபிடிக்கவா இம்புட்டுக் கரண்டு செலவு? எங்கிட்டக் கேட்டா ஓசியிலயே சொல்லியிருப்பேனே."

"ஏன் அத்தை அப்பவே சொல்லல?"

"நீ கேட்டியா?"

மாரிசெல்வியும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, முதலாளி இரண்டு ரூம் கட்டுவது பற்றிச் சொன்னதையும், நீலம் எவ்வளவு என்று அவருக்குக் காட்ட வேண்டியிருப்பதையும் சொன்னாள். அய்யம்மாளின் முகம் மாறியது.

"போன வருசம் ரூமுல கூட்டமா இருக்குன்னு வாயத் தொறந்து சொன்னா ஒருத்தி. மறுநாளு வேல இல்லன்னுட்டாக. நாங்க என்ன பேசுறோம்னு அவுகளுக்குக் காமிக்கிறது தேவைதான், தாயி. ரூமு வந்தா எங்களுக்குத்தான் நல்லது. ஆனா எங்க தொண்டையக் குடுக்காத. எழுத்தாக் காமி. எழுத்துல எல்லாப் பொம்பளையும் ஒரே மாதிரிதான் இருப்பா. கொழம்பு விசயம் எழுத்துலயும் இருக்கக் கூடாது. அது போச்சுன்னா எங்களுக்குப் பேச்சே போச்சு."

திங்கட்கிழமை பிரீத்திகாவிடம் இதைச் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உலகத்தில் எந்த ஆராய்ச்சியிலும் இப்படி ஒன்று அகப்பட்டிருக்காது என்றாள். சித்தப்பாவுக்கு எதிரிலேயே சொடுக்கி அந்தக் கேள்வியைக் கேட்க வைத்துவிடலாம், குரலைக் கேட்டால்தான் அவர் நம்புவார் என்றாள்.

"அவரு நம்புவாரு. கூட வர்ற முனியராஜும் கேப்பாரு. மறுநாள் அய்யம்மா அத்தை வாசல் பக்கம் இருக்க மாட்டாக, கம்பெனியிலயே இருக்க மாட்டாக" என்றாள் மாரிசெல்வி. "நீங்க தரையில உக்காந்து வாக்குக் குடுத்தீகள்ல அக்கா. அந்தத் தரையில நாளைக்கும் போயி உக்காரணும்ல."

பிரீத்திகா பேனாவை உருட்டினாள். அவளுக்கு அந்தக் கண்டுபிடிப்பை விட மனசில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் நேர்மையானவள்.

"குரல் இல்லாம, அந்தக் கேள்வி இல்லாம, உன்னால அவர நம்ப வைக்க முடியுமா?"

"முடியும்."

மூன்று நாளில் செய்து முடித்தாள். படத்தின் மேல் மூலையில் புதிதாக ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மஞ்சள் பிளேட்டைத் தூக்கியதுபோல மஞ்சள் முழுவதும் மறையும், அறுந்த பேச்சின் இரண்டு நுனியும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். குரல் கோப்புகள் ஒன்றுகூட இல்லாமல் வேறொரு லேப்டாப்பில் ஏற்றினாள். மஞ்சளுக்குள் இருந்த எழுத்தையும் மொத்தமாக நீக்கினாள். பேர் வந்த இடங்களை செல்வலட்சுமி அழித்தாள். எழுத்தைக் காட்டலாமா என்று நான்கு செட்டுகளுக்கும் பிரீத்திகாவே போய்க் கேட்டு, சம்மதம் வாங்கி வந்தாள். நாலாம் செட்டின் படமும் மற்றவற்றோடு சேர்ந்து தானாக மாறியது. அதை மாரிசெல்வி அப்போதும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ராஜபாண்டியன் வந்தார். முனியராஜ் அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வேலையாட்கள் குடும்பத்திலிருந்து படிப்படியாக ஏறி போர்மேன் ஆனவன். குரல் கொஞ்சம் கனம், ஆள் மோசமில்லை.

மாரிசெல்வி படத்தை விரித்துக் காட்டினாள். கோடு என்றால் ஆள், நிறம் என்றால் பேச்சு, இடமிருந்து வலம் பொழுது போகிறது. முதலாளிக்கு ஒரே நிமிடத்தில் பிடிபட்டது. அச்சுத் தொழிலிலும் பங்கு வைத்திருப்பவர்.

"மஞ்சளா கெடக்கே, அது என்ன?"

"சமையல், வீட்டுப் பேச்சு சார்." அம்மா முதலாளி என்று சொல்லும் ஆளை அவள் சார் என்றுதான் சொன்னாள்.

"பாத்தியா பாப்பா, நான் சொல்லல? பயமாவது ஒண்ணாவது. சோறு பொங்குறதப் பத்தித்தான் பேசுறாக."

முனியராஜும் சேர்ந்துகொண்டான். "ஆமா மொதலாளி. நான் எப்பப் போனாலும் கொழம்புப் பேச்சுதான். பொம்பளையாளுக வேற என்னத்தப் பேசுவாக."

பிரீத்திகா சிரிப்பை மறைக்கச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். மாரிசெல்வி குனியவில்லை.

"அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரி, சார். அவுக போனாலும் அப்படித்தான், நான் போயி நின்னாலும் அப்படித்தான். வீட்டுக்கு வெளியாள் வந்தா நாம சொந்தக் கவலையவா பேசுவோம்? வெயிலு, மழ, சாப்பிட்டீகளான்னு பேசுவோம். அதனால வெளியாள் நிக்கிற நிமிசத்த ஆராய்ச்சியில சேக்கக் கூடாது. அத எடுத்துட்டா என்ன மிஞ்சுதுன்னு பாருங்க."

பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் மறைந்தது. துண்டு துண்டாகக் கிடந்த நீலம் ஒன்றோடொன்று ஒட்டி, நான்கு செட்டிலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நீண்டது. மூலையில் இருந்த ஒன்பது என்ற எண் ஓடி ஓடி ஐம்பத்திரண்டில் போய் நின்றது.

ராஜபாண்டியன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "இதுல எங்கன வேணாலும் தட்டலாமா?"

"தட்டுங்க சார்." சுட்டியை அவர் கையில் கொடுத்தாள். எங்கே சொடுக்கினாலும் அவருக்குப் பேசியவள் யார் என்று தெரியாது, என்ன சொன்னாள் என்று மட்டும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழே இருந்த நாலாம் செட்டில் தை மாதக் கடைசி வாரத்தில் ஒரு நீலப் பட்டையின் மேல் தட்டினார். பத்திரிகையையும் சத்தமாகவே வாசிக்கிற பழக்கம் அவருக்கு. இதையும் அப்படியே வாசித்தார்.

"நாலாம் கோடு. நாளைக்கு மருந்து ரூமுல கதவுப் பக்கம் யாரு? ரெண்டாம் கோடு. அவ உக்காரட்டும், பிள்ளைக்கு ஆறு மாசந்தான் ஆகுது. ஏதாச்சும் ஒண்ணுன்னா மொதல்ல அவ வெளிய போயிறட்டும். நாலாம் கோடு. அவளுக்கு அடுத்து நீ உக்காரு, உன் மகன் இப்பத்தான் ஒண்ணாப்பு போறான். அப்ப உள்ளுக்க மூலையில யாரு?"

ராஜபாண்டியனின் குரல் இறங்கியிருந்தது. ஆனாலும் நிறுத்தாமல் வாசித்தார்.

"ஆறாம் கோடு. மூலையில நான் உக்காந்துக்கிறேன். எம் மக வேலைக்குச் சேந்துட்டா. இனி எனக்கென்ன."

மாரிசெல்வி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் செட்டில் வேலைக்குப் போகிற வயதில் மகள் இருப்பது ஒருத்திக்குத்தான். தை மாதக் கடைசி வாரம் என்றால் தான் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள். முதல் நாள் ஆபீசுக்குக் கிளம்பியபோது அம்மா தெருமுனை வரை வந்து பஸ் ஏற்றிவிட்டது ஞாபகம் வந்தது. தனக்கு வேலை கிடைத்ததும் அம்மா போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். இப்போது அழுதால் ஆறாம் கோட்டுக்குப் பேர் வந்துவிடும்.

"யாரு இந்தப் பொம்பள?" என்று கேட்டார் ராஜபாண்டியன்.

"பேரு கிடையாது சார். நாலாம் செட்டு, ஆறாம் கோடு. அம்புட்டுத்தான்."

முனியராஜ் அவளை ஒரு தரம் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கும். தன் கீழே இருக்கும் நாலாம் செட்டில் யாருக்கு எத்தனை பிள்ளை என்று தெரியாத போர்மேன் இல்லை அவன். ஆனால் அவன் பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டான்.

"அந்த ரூமுல எத்தன பேருடா உக்காருறாக?"

"எட்டு, மொதலாளி."

"ரெண்டு கதவு இருக்குமே."

"ஒண்ணுல பெட்டி அடுக்கியிருக்கு, மொதலாளி."

"யாரு அடுக்கச் சொன்னா?"

முனியராஜ் முதலாளியையே பார்த்தான். யார் சொன்னது என்று முதலாளிக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும், மேலே கேட்காமல் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"பெட்டிய இன்னைக்கே எடுத்துரு. பொங்கல் முடிஞ்ச மறுநாளு கொத்தனார வரச் சொல்லு. ஆனிக்குள்ள ரெண்டு ரூமும் எந்திரிக்கணும்" என்றார்.

"அதுவரைக்கும் எட்டுப் பேரேவா சார்?" என்று மாரிசெல்வி கேட்டாள். அவள் அப்படிக் கேட்பாள் என்று பிரீத்திகாவே எதிர்பார்க்கவில்லை.

ராஜபாண்டியன் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆர்டர் கையில் நிற்கிறது, லோடு போக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவர்போல் இருந்தது. "ஆறு பேரு" என்றார். "ஆறுக்கு மேல ஒருத்தர் கூடாது, முனியராஜ்." அதற்கு மேல் அவரால் இறங்கிவர முடியவில்லை. எழுந்து போய்விட்டார்.

பிரீத்திகா மாரிசெல்வியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். செல்வலட்சுமி ஓடிப்போய் அல்வா வாங்கி வந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றார்கள். ஆமாம், ஜெயித்துத்தான் இருந்தார்கள். மாரிசெல்வியும் அதைச் சந்தேகப்படவில்லை. அல்வாவைத் தின்று, படத்தைச் சேமித்து, லேப்டாப்பை மூடிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் சண்முகத்தாய் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மருந்து ரூம். முழங்கை வரை மருந்துப் பொடி வெள்ளிப் பூச்சாக அப்பியிருந்தது. மாரிசெல்வி தண்ணீர் மோந்து ஊற்றினாள்.

"நாளைக்கும் மருந்து ரூமாம்மா?"

"ஆமா. பெட்டியெல்லாம் எடுத்துட்டாக, தெரியுமா. ரெண்டாவது கதவும் தொறந்துதான் கெடக்கு. ரூமு வேற கட்டப் போறாகளாம். எல்லாம் நீ போட்ட படமாம்ல, அய்யம்மா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா." சொல்லும்போது சண்முகத்தாயின் முகம் பூரித்துக் கிடந்தது.

"நாளையிலேர்ந்து கதவுப் பக்கம் உக்காரும்மா."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. நான் வேலைக்குப் போயிட்டா ஆச்சா? எனக்கு அம்மா வேண்டாமா?"

சண்முகத்தாய் மகளைப் பார்த்தாள். கை ஈரத்தோடு அவள் கன்னத்தைத் தொடப் போனவள், பூச்சு ஒட்டிவிடும் என்று நிறுத்திக்கொண்டாள்.

"கதவுப் பக்கம் இருக்கிறவ பிள்ளைக்கு எட்டு மாசந்தாண்டி ஆகுது. அவள எந்திரிச்சு மூலைக்குப் போன்னு நான் சொல்லவா? நீயே சொல்லு."

மாரிசெல்விக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இங்கே அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

"ஆனியில புது ரூமு வந்துரும். ரூமுக்கு நாலு பேருதான். யாரும் மூலையில உக்கார வேண்டாம்" என்றாள் அழுதுகொண்டே.

"பெறகென்ன. ஆனிக்கு ரெண்டு மாசந்தான கெடக்கு. அதுவரைக்கும் நான் இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சண்முகத்தாய் மறுபடியும் கையை நீட்டினாள், தண்ணீர் ஊற்றச் சொல்லி.